திறந்து பார்ப்பவர்

உலகத்தில் திறந்து பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சோறு வேகும் பானையின் மூடியை நிமிஷத்துக்கு ஒரு தரம் தூக்குவார்கள். நேற்று ஊன்றிய விதையை இன்று தோண்டி, முளைத்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பார்கள். தபால் பெட்டியில் போட்ட கடிதம் உள்ளே விழுந்ததா என்று விரலை விட்டுத் துழாவுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. அக்கறை. அதுதான் ஆபத்து.

பாலவனத்தம் சங்கரலிங்கம் இந்த இனத்தில் முதல் வரிசை. அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தார். எழுபத்திரண்டாம் வருஷம் அவர் மனைவி கஸ்தூரிக்கு மாதர் சங்கத்தில் ஒரு தேனீப் பெட்டி கொடுத்தார்கள். வீடு, காடு, ரேஷன் கார்டு எல்லாம் அவர் பேரில் இருக்க, கஸ்தூரியின் பேர் எழுதி வந்த முதல் பொருள் அதுதான். கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்து, எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் கொடுத்து, தினமும் தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

பெட்டியோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. அதை யார் படித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

வெயில் காலத்தில் உள்ளே புழுங்காமலிருக்க மூடிக்கு அடியில் ஒரு குச்சி வைத்துக் காற்று விடவும் என்று போட்டிருந்தது. அவர் காலையில் குச்சி வைத்தார்; பத்து மணிக்குக் காற்று அதிகமென்று எடுத்தார்; மத்தியானம் கடையை விட்டு பஸ் ஏறி வந்து இரண்டு குச்சியாக வைத்தார்; சாயங்காலம் புழுதி பறக்கிறதென்று இரண்டையும் உருவினார். பத்து நாளைக்கு ஒரு முறை உண்ணி பார்க்கவும் என்றும் இருந்தது. பத்து நாளைக்கு ஒரு முறையே நல்லதென்றால், நாளைக்குப் பத்து முறை எவ்வளவு நல்லது?

உண்ணி என்பது ஈயின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும், கடுகிலும் சிறிய செம்பூச்சி. எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளைப் பெட்டிக்குள் அடியில் செருகி, பிறகு உருவி, ஒட்டியிருக்கும் சிவப்புப் புள்ளிகளை எண்ண வேண்டும். முதல் நாள் ஏழு. மறுநாள் இருபத்திரண்டு. சங்கரலிங்கத்துக்கு வியர்த்தது. வியர்த்தால் அவருக்குப் பொடி போட்டாக வேண்டும். மூன்றாம் நாள் அறுபது.

“இன்னைக்குப் பெட்டிய முழுசாப் பிரிச்சுப் பாத்துருவோம்,” என்றார், பொடி மட்டையிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்தபடி.

கஸ்தூரி தாளை வாங்கி மோந்து பார்த்துத் தும்மினாள்.

“இது உண்ணி இல்ல. உங்க மூக்குப்பொடி.”

“பொடின்னா ஏன் நாளுக்கு நாள் கூடுது?”

“நீங்க நாளுக்கு நாள் கூடப் போடுறீக. குனிஞ்சு எண்ணயில கொட்டுது.”

“அதையும் பாத்துருவோமே,” என்று பொடிக் கையோடு மூடியைத் தூக்கி, அடை அடையாக வெளியே எடுத்து, எண்ணி, திரும்ப வைத்தார்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் மொத்தமும் கிளம்பி, முருங்கையை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைத் தாண்டிப் போய்விட்டது. கஸ்தூரி காலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து அழுதாள். பெட்டியில் அவள் பேர் மட்டும் மிச்சமிருந்தது.

பக்கத்து வீட்டு மீரான் பீவி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

“கஸ்தூரி, ஒன் ஈயெல்லாம் எங்க பழைய குலுக்கைக்குள்ள போயி அடஞ்சிருச்சு.”

தானியம் கொட்டி வைக்கும் மண் குலுக்கை அது. மேல் வாயைக் களிமண்ணால் பூசி அடைத்திருந்தார்கள். அடியில் தானியம் எடுக்க ஒரே ஓட்டை. குச்சி இல்லை, தாள் இல்லை, எண்ண ஆள் இல்லை.

“அதுக்குள்ள காத்தே போகாதே,” என்று பதறிப்போய்ச் செருப்பைத் தேடினார் சங்கரலிங்கம்.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனாள். “அக்கா, அது அங்கயே இருக்கட்டும். இவுக வந்தா மட்டும் கதவத் தொறக்காதீக.”

இரண்டு மாதம் கழித்து மீரான் பீவி கூப்பிட்டு விட்டாள். கஸ்தூரி ஒரு சீசாத் தேனோடு வந்து, மூடிக்கு மேல் துணி கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, தன் பேரெழுதிய பெட்டிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அவர் நாளைக்குப் பத்து முறை பெட்டியைத் திறந்து முடிச்சைப் பார்த்து வந்தார்.

நாமெல்லாம் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. அப்படியானால், இது எங்கே போய் முடிகிறதென்று நடுவிலேயே இந்தக் கடைசி வரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார்? பொடி வாசனை இன்னும் அடிக்கிறது.