பெருங்கரடியின் வாலருகே ஒரு தும்மல்

உஷித்சே, செப்டம்பர் 1984

ரேடியோவில் சனிக்கிழமை மாலைக் கணினி நிகழ்ச்சியை நடத்தும் தோழர் ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஸ்வெதிஸ்லாவ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சளி, இருமல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். தும்மலைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

என் மகள் பில்யானா பள்ளிக் கடைசி வகுப்பில் படிக்கிறாள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துச் சமையலறை மேசையிலேயே ஈயத்தைச் சூடாக்கிப் பாகங்களைப் பற்றவைத்து ஒரு கணினி செய்தாள். மேசைவிரிப்பில் விழுந்த ஓட்டைகளைப் பற்றி என் மனைவி ஸ்தான்கா தனியாக எழுதுவாள். இரவு வானத்தைத் திரையில் வரையும் நிரல் ஒன்றை, டேப்பில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொள்ளும்படி, போன வாரம் ஓசையாக ஒலிபரப்பினீர்கள் அல்லவா, அன்று பார்த்துப் பில்யானாவுக்குப் பல்வலி. "அப்பா, டேப் ரிக்கார்டரை ரேடியோ முன்னாடி வச்சு சிவப்புப் பொத்தானை அமுக்குங்க. அப்புறம் மூச்சுகூட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பல் வைத்தியரிடம் போனாள். அமுக்கினேன். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஓர் ஓசை வந்தது. அதை இரைச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தோழரே. கண் சொருகியது. நான் ஓட்டிய பழைய பேருந்து சாலையை விட்டு மெல்ல எழும்பி ஸ்லாதிபோர் மலைக்கு மேலே மிதக்கிறது, பயணிகள் யாரும் இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஜன்னலில் கை நீட்டி மேகத்தைத் தொடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்தான்கா அஜ்வார் தொக்கு செய்யக் குடைமிளகாயைச் சுட, பால்கனிப் புகை உள்ளே வந்தது. தும்மினேன்.

"மூக்கை அந்தப் பக்கம் திருப்பினா என்னவாம்?" என்றாள் அவள்.

ஆனாலும் அந்த டேப்பைக் கணினியில் ஏற்றியதும் நிரல் ஓடியது! திரை இருண்டு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் முளைத்தபோது ஸ்தான்காகூட அடுப்பை மறந்து நின்றாள். வகுப்பே வந்து நகல் எடுத்துப் போனது. பிறகு பள்ளி ஆசிரியர் மியோத்ராக் வான வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பெருங்கரடி வாலுக்குப் பக்கத்துல யாரும்மா இது, புது ஆளு?" என்று கேட்டாராம். பெருங்கரடி நட்சத்திரக் கூட்டத்தில் அந்த இடத்தில் நட்சத்திரமே கிடையாதாம். டேப்பில் ஓசையோடு ஓசையாகப் பதிந்த என் தும்மல்தான்!

பில்யானா வீடு வீடாகப் போய் நகல்களை அழிக்கச் சொன்னாள்.

"அழகா இருக்கே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான் அவள் தோழன் ஸ்வோன்கோ.

"தெரிஞ்சே கொடுத்தா அது பொய்டா. இதை நம்பி ஒருத்தன் பரீட்சையில எழுதுவான்."

"நிரல் என்ன உன் சொத்தா? நீயும் காத்துல வந்ததைப் பிடிச்சவதானே!"

இப்போது யாரும் அவளோடு பேசுவதில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. "நீங்க எழுதுங்கப்பா, ரேடியோவுல சொன்னாக் கேப்பாங்க" என்கிறாள். ஆகவே, அந்த நட்சத்திரம் ஓர் ஓட்டுநரின் மூக்கிலிருந்து வந்தது என்று தயவுசெய்து அறிவியுங்கள். வெட்கப்பட நான் தயார்.

மழையிலும் புயலிலும் தங்கள் அலைவரிசை தெளிவாக ஒலிக்கட்டும். ஸ்தான்கா தங்கள் வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள்
ஸ்வெதிஸ்லாவ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மறு ஒலிபரப்பு வந்தது. இம்முறை என்னை மாடிப்படிக்குத் துரத்திவிட்டு, ரேடியோவிலிருந்து டேப்புக்கு நேரே கம்பி போட்டுப் பதிந்தாள். அந்த நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கிறது! ஆகவே, மேலே உள்ள மன்னிப்பை எல்லாம் புகாராகப் படித்துக்கொள்ளவும். பில்யானா நிரலை வரி வரியாகப் பார்த்தாள். எல்லா நட்சத்திரங்களும் முடிந்த பிறகு, கடைசியில், அந்த நட்சத்திரத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி. "தப்பு இல்லப்பா, நிரலை எழுதினவரு வேணும்னேதான் வச்சிருக்காரு" என்றாள். நீங்கள் அறிவித்தே ஆக வேண்டுமாம், அதில் அவள் மாறவில்லை. "ஆனா யாருக்காக வச்சாருன்னு மட்டும் கேட்டு எழுதுங்கப்பா" என்கிறாள்.