பெல்ட் மாற்றிய கை

என் பதினெட்டு வயதுக் காரை இனி எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்று ஒரு ஞாயிறு காலை முடிவெடுத்தேன். எடுத்தது நான். எடுக்க வைத்தது என் மனைவி.

"அதைத் தலைமுழுகுங்க. வாங்க ஆள் ரெடியா இருக்கு. டைமிங் பெல்ட் வேற போற நிலைமையில இருக்காம். ஓடறப்ப அறுந்தா இன்ஜினே காலியாமே."

"பெல்ட்டுதானே? நானே மாத்தறேன்."

"நீங்களா? அறுந்த கொடிக்கயிறைக் கட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டவர் நீங்க."

ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் என் கையால் பெல்ட்டை மாற்றி வண்டியைக் கிளப்பினால் கார் வீட்டில் இருக்கும். வேறு கை பட்டால் விற்றுவிடலாம் என்றேன். அவள் உடனே சம்மதித்தாள். அவள் உடனே சம்மதித்தால் நான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இது எனக்கு உறைப்பதில்லை.

அந்தக் கார் என்றால் எனக்கு உயிர். வீட்டில் என் பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான். அதுவும் வெயில் நாளில் மட்டும்.

புது பெல்ட் வாங்கி வந்து, பழசின் மூடியைக் கழற்றினேன். மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம், இரண்டையும் பிடித்தபடி பெல்ட். அதை இறுக்கி வைத்திருந்த டென்ஷனரைத் தளர்த்தியதும் பெல்ட் கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று விசில்கூட அடித்தேன். அடையாளம் வைக்காமல் பெல்ட்டை எடுக்கக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் இரண்டு சக்கரமும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. ஒரு பல் தப்பினாலும் போச்சு, உள்ளே வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

ஜன்னலில் மனைவி. "ஆச்சா?"

"முக்கால்வாசி."

"அப்ப நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவள் தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அண்ணே, வீட்டுல தெரியக் கூடாது." கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருகிற மனுஷன், ஐந்தே நிமிடத்தில் வந்தார். சக்கரங்களில் இருந்த அடையாளங்களைப் புள்ளிக்குப் புள்ளி பொருத்தினார், பெல்ட்டை மாட்டினார், ஸ்பானர் போட்டு இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார். கடைசியில் வழக்கப்படி தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பானட்டுக்குள் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். நான் காதுமடல் வரை கிரீஸ் பூசிக்கொள்வதில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

மனைவி வந்தாள். சாவியைத் திருப்பினேன். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"பரவாயில்லையே," என்று பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "இது என்ன சீட்டு?"

"நான்தான் ஒட்டினேன். முறையா வேலை பார்க்கறவங்க ஒட்டுவாங்க."

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

"உங்களுது மாதிரி இல்லையே."

"கிரீஸ். கை வழுக்கிடுச்சு."

"அப்ப கையைத் துடைச்சுட்டு இதுல ஒண்ணு போடுங்க, பார்ப்போம்." கைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை நீட்டினாள். தப்பிக்கிற அவசரத்தில், மடிப்பைக்கூடப் பிரிக்காமல், சுழித்துச் சுழித்து ஒன்று போட்டேன்.

அவள் நிதானமாகப் பிரித்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'வாகன விற்பனை ஒப்பந்தம்'.

"இது அநியாயம். பெல்ட்டை மாத்தினா விக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?"

"உங்க கை மாத்தினா. பெல்ட் மாத்தின வண்டின்னாதான் வாங்குவேன்னு மெக்கானிக் கறாரா சொல்லிட்டார். பாவம், கடைசியில அவரே வந்து மாத்திட்டுப் போயிருக்கார்."