அனுமதி பெறாத மழை

மழை வானத்திலிருந்து பெய்கிறது என்பது பொதுமக்களின் நம்பிக்கை. வடிகால் அலுவலகத்தின் கொள்கைப்படி அது மழையளவு அட்டவணையிலிருந்து பெய்கிறது. தலைமைப் பொறியாளர் அரைக்கால்சட்டை அணிந்து திரிந்த காலத்தில் தயாரான அந்த அட்டவணையை மீறும் அதிகாரம் மேகங்களுக்கு வழங்கப்படவில்லை.

மேகங்கள் இதை அறியவில்லை. அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளராக இருந்தவள், சென்ற ஆண்டு வெள்ளத்தில் தன் அக்காவின் குளிர்சாதனப் பெட்டி சமையலறையிலிருந்து கூடம்வரை மிதந்து வந்ததைக் கண்ணாரக் கண்டவள். ஆகவே அக்கா குடியிருந்த அந்தத் தாழ்வான தெருவுக்குப் புது வடிகால் வரையும் பணி வந்தபோது, அட்டவணை சொன்ன அளவுக்கு இருமடங்கு அகலத்தில் வரைந்தாள்.

தலைமைப் பொறியாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வடிகாலா, கப்பல் விடப்போறியா?"

"போன வருஷம் பெஞ்ச மழைக்குக் கணக்குப் போட்டேன் சார். இனிமே இன்னும் கூடத்தான் பெய்யும்."

"அது அனுமதி இல்லாத மழை. அதுக்கெல்லாம் வழி விட்டா, நாமளே இடம் கொடுத்துக் கெடுத்த மாதிரி ஆகாதா?"

"அப்போ அட்டவணையை மாத்தலாமே சார்?"

"தாராளமா! அதுக்குத்தான் குழு இருக்கே."

குழு இருந்தது உண்மைதான். அது கூடும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும். எனவே குழு கோடையில் மட்டுமே கூடும். கூடி, மழை மிகுந்ததற்கான அறிகுறி ஏதும் தென்படவில்லை என்று, வியர்வையைத் துடைத்தவாறே ஒருமனதாகத் தீர்மானிக்கும்.

"பழைய அகலத்துலயே போட்டு, மேல 'பருவநிலைக்கு உகந்த வடிகால்'னு எழுதிடு. இப்போ எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"எழுத்துல தண்ணி வடியாது சார். வீட்டுக்குள்ள வெள்ளம் வரும்னு தெரிஞ்சே நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் கையெழுத்தின்றி வேலை தொடங்காது. திறப்புவிழாக் கல்வெட்டிலோ பெரியவர்களின் பெயர்கள் ஏற்கெனவே செதுக்கப்பட்டுவிட்டன.

"சரி, எப்படியோ போ! ஆனா பொறுப்பு உன்னோடது."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

அளவெடுக்கப் போனவளை அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"ஏன்டி, கோடு நான் கார் நிறுத்தற இடத்துல போகுதே?"

"வடிகால்க்கா. இனிமே உன் ஃபிரிட்ஜ் நீச்சலடிக்காது."

"தண்ணி வருஷத்துல ரெண்டு நாள்தான் வருது. கார் தினமும் நிக்குதே! எதிர்வீட்டுப் பக்கமாத் தள்ளி வெட்டேன்."

எதிர்வீட்டார் தத்தம் கார்களின் சார்பில் இதே கோரிக்கையை மறுதிசையில் முன்வைத்தனர். அவள் இருதரப்புக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, கோட்டை நேராகவே போட்டாள்.

வடிகால் கட்டி முடிந்தது. அடுத்த மழை முந்தையதையும் விஞ்சிப் பெய்தது. தெருவில் ஒரு சொட்டுக்கூடத் தங்கவில்லை.

மறுவாரம் தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதியது: வெள்ளமே வராத தெருவுக்கு இவ்வளவு பெரிய வடிகால் எதற்கு? முதல் கையெழுத்து அக்காவுடையது.