பன்னிரண்டு ஈரல் உள்ள மான்

இந்த வருஷம் ஒரு துண்டு முதுகுக்கறிகூட அரிசோனாவுக்குப் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிய வீட்டில் ஆள் இல்லை. எதிர்த்து வாக்களிக்க மட்டும் ஒருத்தி இருந்தாள். ஆகவே அவளிடம் சொல்லவில்லை.

அவள் பெயர் ஆர்லிஸ். என் மனைவி. அரிசோனா என்று நான் சொல்வது அங்கே குடியிருக்கும் அவளுடைய தம்பி லோவெலை. ஜனவரி வந்தால் எங்கள் மின்னசோட்டா ஏரி உறைந்துவிட்டது என்ற சேதி எங்களுக்கு முன்னால் அவனுக்குப் போய்விடும். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வருவான். ஒரு வாரம் தங்குவான். அவன் மீன் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது அவனுடைய ஐஸ்பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே என் மான் இருக்கும்.

என் மான் என்று சும்மா சொல்லவில்லை. நவம்பர் குளிரில் மரத்தின் மேல் பரண் கட்டி, மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து சுட்டது. ஒன்றும் மாட்டாத வருஷங்களில் வெறுங்கையோடு வந்து, "மானெல்லாம் உன்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகுதாமே" என்று ஆர்லிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இந்த முறை ஒன்று மாட்டியது. கறிக்கடைக்காரர் அதை வெட்டி, வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் இன்ன கறி என்று முத்திரை குத்திக் கொடுத்தார். கழுத்துக்கறி, தொடைக்கறி, முதுகுக்கறி. இதில் முதுகுக்கறி வெண்ணெய் மாதிரி. பல் இல்லாதவன்கூடச் சாப்பிடலாம். லோவெலுக்கு முப்பத்திரண்டும் உறுதியாக இருக்கிறது. இருந்தும் அதைத்தான் எடுப்பான். முத்திரையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவான்.

அந்த லோவெல் இந்த உலகத்தில் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஈரல். சின்ன வயதில் அவர்கள் அம்மா வாரம் தவறாமல் ஈரல் சமைத்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க விடமாட்டாளாம். ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியே குதித்து ஓடியிருக்கிறான். இன்றைக்கும் ஈரல் என்று சொன்னால் போதும், அவனுக்கு ஈரக்குலை நடுங்கும். முதுகுக்கறிப் பொட்டலங்களின் மேல் "ஈரல்" என்று லேபிள் ஒட்டிவிட்டால்? விரல்கூட வைக்க மாட்டான். அவன் தொலைந்ததும் லேபிளை உரித்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடலாம். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

கையால் எழுதினால் என் கிறுக்கலே காட்டிக்கொடுத்துவிடும். அச்சடித்தால் எவனும் நம்புவான். பேஸ்மென்ட்டில் என்னுடைய லேசர் பிரிண்டர் இருக்கிறது. ஆபீசில் கழித்துக் கட்டியதை நான் தூக்கி வந்தது. ஆர்லிஸ் அதை என் சின்ன வீடு என்பாள்.

லேபிள் தாள் வாங்கக் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க லேபிள்! இன்க்ஜெட்டுக்கு வேறு, லேசருக்கு வேறு. மாற்றிப் போட்டால் லேசர் சூட்டில் பசை உருகி, தாள் உள்ளேயே உருளையைக் கட்டிக்கொண்டு வெளியே வராதாம். விழித்துக்கொண்டு நின்றேன். கடைப்பெண் வந்தாள்.

"எதுல ஒட்டப் போறீங்க சார்?"

"ஃப்ரீசர் பொட்டலத்துல."

"அப்ப குளிருக்குத் தாங்கற பசை வேணும். நிரந்தரமா ஒட்டணுமா, உரிச்சா வரணுமா?"

"உரிச்சா வரணும். தடமே தெரியக் கூடாது."

"அடியில ஏதாவது எழுத்து இருக்கா?"

"இருக்கு. அதுவும் தெரியக் கூடாது."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், போலீஸ் கீலீஸ் வராதே?"

"குடும்ப விவகாரம்மா. மச்சினன் வர்றான்."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பரிதாபப்பட்டு, பின்பக்கம் சாம்பல் பூச்சு உள்ள தாள்கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அடியில் என்ன எழுதியிருந்தாலும் மேலே தெரியாதாம். ஒரு தாளில் பன்னிரண்டு லேபிள். என்னிடம் இருந்த முதுகுக்கறிப் பொட்டலமும் பன்னிரண்டு. தெய்வமே என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வடிவமைக்க உட்கார்ந்தேன். வெறுமனே ஈரல் என்று எழுதினால் என் கலைமனம் ஒப்புமா? சுற்றிலும் ஊதாக் கரை கட்டினேன். நடுவில் ஒரு ஈரல் படம் வரைந்தேன். ஆர்லிஸ் துவைக்கிற துணிக்கூடையோடு கீழே வந்தாள்.

"அது என்ன, பூட்ஸா?"

"ஈரல்."

"ஈரலுக்கு எதுக்குக் குதிகால்?"

"அது நிழல்டி!"

"சரி வெர்லின், நிழல். எதுக்குத் திடீர்னு ஈரல்?"

"ஃப்ரீசரை ஒழுங்குபடுத்தப் போறேன். எந்தப் பொட்டலத்துல என்ன இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"கல்யாணமான நாள்லேருந்து உன் சாக்ஸ் எந்த டிராயர்ல இருக்குன்னு உனக்குத் தெரியாது. நீ ஃப்ரீசரை ஒழுங்குபடுத்தறே."

நான் கம்பீரமாகப் பொத்தானை அழுத்தினேன். பிரிண்டர் உறுமியது. தாள் வந்தது. பாதி ஈரல் ஒரு லேபிளிலும் மீதி ஈரல் பக்கத்து லேபிளிலும் இருந்தது. இன்னொரு தாள். இந்த முறை ஈரல் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது தாளில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை.

"தள்ளு," என்றாள் ஆர்லிஸ். அவள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். புத்தக முதுகில் லேபிள் ஒட்டியே பழுத்தவள். "பிரிண்டர்ல 'தாளுக்கேத்த மாதிரி சுருக்கு'ன்னு விட்டிருக்கே பாரு, அதை எடு. அச்சு சுருங்கிடும், லேபிள் சுருங்குமா? முதல்ல சாதாத் தாள்ல அடி. அதை லேபிள் தாளோட சேத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. கட்டத்துக்குள்ள உக்காந்தா அப்புறம் நல்ல தாளைப் போடு."

உட்கார்ந்தது. பன்னிரண்டு ஈரலும் வரிசையாக, கட்டத்துக்குள் கச்சிதமாக. சதியில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரியாமல் என் மனைவி துணிக்கூடையோடு மாடிப்படி ஏறிப் போனாள். பாவம், என்று நினைத்தேன். அவளை நினைத்துத்தான்.

முத்திரை மறையும்படி பன்னிரண்டு பொட்டலத்திலும் ஒட்டி, பேஸ்மென்ட் ஃப்ரீசரில் மற்றக் கறியெல்லாம் மறைய மேலாகப் பரப்பி வைத்தேன். லோவெல் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே ஃப்ரீசர். நான் பின்னாலேயே போனேன். ஆர்லிஸ் எனக்குப் பின்னால். மூடியைத் திறந்தவன் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்கினான்.

"ஐயோ! அத்தான், என்னது இது?"

"ஈரல் மாப்ள," என்றேன், வருத்தமான குரலில்.

"எல்லாமா?"

"எல்லாமே."

"எத்தனை மான் சுட்டீங்க?"

"ஒண்ணுதான்."

"ஒரு மானுக்கு எத்தனை ஈரல் அத்தான்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. லேபிளின் அகலம் யோசித்தேன், பசை யோசித்தேன், ஊதாக் கரை யோசித்தேன். மானுக்கு எத்தனை ஈரல் என்று யோசிக்கவில்லை.

"பக்கத்து வீட்டு டெல்மர் குடுத்தான்," என்றேன். "அவனுக்கு ஈரல் ஆகாது. அவன் கூட்டாளிங்களுக்கும் ஆகாது. எல்லாரும் கொண்டாந்து என் தலையில கட்டிட்டாங்க."

"அப்ப முதுகுக்கறி?"

"குண்டு சரியா அங்கதான் பாஞ்சுது. எல்லாம் வீணாப்போச்சு."

லோவெலின் முகம் விழுந்தது. ஆர்லிஸ் "டெல்மரா," என்று மட்டும் சொன்னாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அடுப்பின் மேல் இரும்புச் சட்டி. மேடையில் ஒரு பொட்டலம். என் ஊதாக் கரை தெரிந்தது.

"அது... அது எதுக்கு?" என்றேன்.

"எனக்கு ஈரல்னா உசிருன்னு உனக்குத் தெரியாதா? நீ மூஞ்சியைச் சுளிப்பேன்னுதான் இத்தனை வருஷமா வாயைக் கட்டியிருக்கேன். இப்ப இத்தனை இருக்கே. உங்க ரெண்டு பேருக்கும் பீட்சா சொல்லியிருக்கேன்."

லோவெலை விரட்டுவதிலேயே குறியாக இருந்தேன். இந்த வீட்டில் ஈரலை விரும்பிச் சாப்பிடும் ஒரே ஜீவன் என் சொந்தப் பெண்டாட்டி என்பதை மறந்தே போனேன். அவள் தாளைப் பிரித்தாள். உள்ளே ரத்தினம் போலச் சிவந்து முதுகுக்கறி. பார்த்தாள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"அருமையான ஈரல்," என்றாள்.

வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வறுத்தாள். வாசனை என் குடலைப் பிடித்து இழுத்தது. லோவெல் மூக்கைப் பொத்திக்கொண்டு பீட்சாவோடு டிவி அறைக்கு ஓடிவிட்டான். நான் அவள் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன பீட்சாவைக் கடித்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு துண்டாக வாயில் போடுவதைப் பார்த்தேன். கண்ணை மூடி மூடி மென்றாள்.

"ஒரு துண்டு குடுடி," என்று கிசுகிசுத்தேன்.

"என்னது?" என்று அவள் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். "ஈரலா? உனக்கா?"

"உஷ்!"

"லோவெல்! உங்க அத்தான் ஈரல் கேக்கறார்டா!"

"வேண்டாம் அத்தான்!" என்று உள்ளேயிருந்து அலறினான். "உடம்புக்கு ஆகாது!"

"நான் கேக்கவே இல்லையே!" என்று நானும் கத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன். "ஆர்லிஸ், கெஞ்சிக் கேக்கறேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது."

"சத்தியமா?"

"சத்தியமா." தட்டை ரொட்டியால் துடைத்து அதையும் சாப்பிட்டாள்.

அந்தச் சத்தியத்தை நம்பி நிம்மதியானேன். அவளும் என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். போனது ஒரு பொட்டலம். மீதி பதினொன்று பத்திரம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பேன். பதினொரு ஊதாக் கரை. பதினொரு பூட்ஸ். எல்லாம் ஒட்டியது ஒட்டியபடி. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒரு மச்சினனை வைத்துச் சாப்பாடு போட்டதில்லை. சீட்டாட்டத்தில்கூட வேண்டுமென்றே தோற்றேன்.

லோவெல் கிளம்பும் நாள் வந்தது. ஐஸ்பெட்டியை ஆர்லிஸே அடுக்கி, மேலே பனியை அள்ளிப் போட்டு மூடி வைத்திருந்தாள். கழுத்துக்கறியாக இருக்கும். கழுத்துக்கறியை அரை நாள் வேகவைத்தாலும் செருப்பை மெல்லுகிற மாதிரிதான் இருக்கும். அள்ளிக்கொண்டு போகட்டும்! நானே முன்வந்து ஒரு பக்கம் பிடித்தேன்.

"எடுத்துட்டுப் போ மாப்ள. இன்னும் வேணும்னா சொல்லு, கட்டித் தர்றேன். நமக்குள்ள என்ன?"

லோவெல் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர். "அத்தான், அக்கா சொன்னா, இதெல்லாம் நீங்களே எனக்குன்னு தனியா எடுத்து வச்சதாமே. நான்தான் உங்களைக் கஞ்சன்னு நினைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அட, விடு மாப்ள," என்றேன். ஒரு கிலோ பெருந்தன்மை என் முகத்தில் வழிந்தது. வண்டி திருப்பம் தாண்டும்வரை கை ஆட்டினேன். தாண்டியதும் பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன்.

ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து, பனி இளகியதும் பிரித்து, ஆர்லிஸ் செய்த மாதிரியே வெண்ணெயும் வெங்காயமும் போட்டு மேலாக வாட்டினேன். முதுகுக்கறியை அதிகம் வேகவைத்தால் பாவம். மேஜைத் துணி விரித்தேன். நல்ல பீங்கான் தட்டு எடுத்தேன். ஒரு பெரிய துண்டை வாயில் போட்டேன்.

மென்றேன். கறி அசையவில்லை. மறுபடி மென்றேன். தாடைதான் அசைந்தது. டிராக்டர் டயரில் வெண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. எதிரே ஆர்லிஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் மானம் இடம் கொடுக்காமல் அப்படியே எழுந்து கீழே ஓடி, இன்னொரு பொட்டலத்தை எடுத்து லேபிளை உரித்தேன். சுத்தமாக வந்தது. அடியில் முத்திரை: கழுத்துக்கறி. அடுத்ததும் கழுத்துக்கறி. அதற்கடுத்ததும். என் முதுகுக்கறி முழுக்க இந்நேரம் பக்கத்து மாநிலமான அயோவாவின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கும், நானே தூக்கி வைத்த பெட்டியில்.

மேலே வந்தேன். வாயில் இருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சத்தியம் பண்ணியேடி!" என்றேன்.

"பண்ணேன். உன் லேபிளைப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனா?"

"டெல்மர் குடுத்ததுன்னு நான்..."

"டெல்மர் இந்த வருஷம் சுட்டது அவன் வண்டியோட சைடு கண்ணாடியைத்தான். அவன் பொண்டாட்டி சொன்னா. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற என் தம்பிகிட்ட ஈரல் காட்டிப் பயமுறுத்தினே இல்ல? என்கிட்ட நேரா கேட்டிருந்தா பாதி உனக்கு வச்சிருப்பேன்."

நான் இன்னொரு முறை மென்று பார்த்தேன். என் தட்டில் இன்னும் நாலு துண்டு கிடந்தது. அவள் எழுந்து வந்து, என் கையில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்த லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது வெர்லின். பதினொண்ணையும் உரிச்சு மாத்தி ஒட்டினேன், தடமே தெரியல. லேபிளை மட்டும் நல்லதாப் பாத்து வாங்கியிருக்கே."