பதினேழு ஜாயிண்டுக்கும் சந்தனம்

ஏலப்பாறை
9-11-1974

சங்கரன்கோவிலில் சகல சௌக்கியத்துடன் இருக்க வேண்டிய மச்சான் கருத்தப்பாண்டி அவர்கள் சமூகத்துக்கு, எஸ்டேட் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் பிச்சைமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ராமுத்தாயும் மகள் அழகுத்தாயும் சுகம். மழையும் சுகமாகவே இருக்கிறது, அதற்கு ஊருக்குக் கிளம்புகிற உத்தேசம் இல்லை. அங்கே அக்காவின் மூட்டுவலி எப்படி என்று எழுதவும்.

நிற்க. நீங்கள் கொண்டுவந்த சின்னக்கானல் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது. பையன் சோலை போன ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பனுடன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். நிறம், உயரம், பணிவு எதிலும் குறை சொல்ல முடியாது. நானும் முயன்று பார்த்தேன். ஆனால் அவன் அங்கே எஸ்டேட் டிரைவர், கார் வயரிங்கில் கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் சறுக்கிவிட்டான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு எங்கள் துரையின் காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. மற்றவர்கள் என்றால் ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, பானெட்டில் ஒரு பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டுப் பொரிகடலைக்கு ஓடிவிடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. இந்த வருஷம் வயரும் வயரும் சேருகிற ஜாயிண்டு ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளே ஒரு விரல் சந்தனம் வைத்து, மறுபடி மாட்டினேன். மொத்தம் பதினேழு. ஃபாக்டரி மெயின் சுவிட்சில் இப்படிச் செய்தால் ஆளே போய்விடுவான், அங்கே சந்தனம் வெளியே மட்டும்தான். காரில் பன்னிரண்டு வோல்ட்டு, கடிக்காது என்ற தைரியம். கடிக்கவில்லைதான். சந்தனம் காய்ந்ததும் கரண்டு போக வழியில்லாமல் போய்விட்டது. ஹெட்லைட் போட்டால் ஒன்று எரிந்தது, ஒன்று யோசித்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கியது. ஹாரனை அமுக்கினால் லைட் மங்கியது, சத்தம் வரவில்லை. துரை கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். பார்க்கிறேன் சார் என்றேன். ஏன் என்று எனக்குத் தெரியும். தை மாதத்தோடு எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் வேலையை நீட்டித் தருவதாக அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். எலக்ட்ரீஷியனே ஜாயிண்டுக்குள் சந்தனம் அப்பினான் என்று தெரிந்தால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த இந்த வீடும் போகும். ரகசியமாகத் துடைக்கலாம் என்றால் துரை காரைவிட்டு நகருவதாகக் காணோம்.

அப்போதுதான் பையன் வந்தான். காரையும் பார்த்த மாதிரி ஆகும், மாப்பிள்ளையையும் பார்த்த மாதிரி ஆகும் என்று ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். சந்தனத்தைக் கண்டுபிடித்து என் காதோடு சொன்னால் பெண்ணைக் கொடுத்துவிடுவது என்று மனசுக்குள் தீர்மானம். பையன் முறையாகத்தான் தொடங்கினான். பேட்டரி பார்த்தான், ஃபியூஸ் பார்த்தான், டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனான். முதல் ஜாயிண்டைக் கழற்றுகிற நேரத்தில் துரை குடையோடு வந்து நின்றுவிட்டார். பையன் கழற்றினான், மாட்டினான், கழற்றினான், மாட்டினான், இரண்டு மணி நேரம். கடைசியில் எழுந்து, "ஈரம் எறங்கியிருக்கு சார், வேற ஒண்ணுமில்ல. மாமா வயரிங்கெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காக" என்றான். துரை தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் வந்தது.

உயிர் வந்த பிறகு யோசித்தேன். பதினேழு ஜாயிண்டையும் கழற்றிப் பார்த்துவிட்டு, மூக்குக்கு நேரே மணக்கிற சந்தனத்தை ஈரம் என்கிறவன் நாளைக்குக் குடும்பத்தில் எதைக் கண்டுபிடிப்பான்? அன்றிலிருந்து லைட்டும் ஹாரனும் ஒழுங்காக இருப்பது உண்மை. அது அசைத்த அசைப்பில் தற்காலிகமாகப் பிடித்திருக்கிறது, முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். இன்றைக்குக் கெடும் நாளைக்குக் கெடும் என்று ஆறு நாளாகக் காத்திருக்கிறேன். இந்த ஆறு நாளும் அழகுத்தாய் வைக்கிற ரசத்தில் மட்டும் உப்பில்லை.

ஆகவே தீபாவளிக்கு முன்பே சின்னக்கானலுக்கு எழுதி, ஜாதகம் சேரவில்லை என்றோ வேறு கௌரவமான பொய் எதுவோ சொல்லி விலக்கிவிடவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சங்கரலிங்க சாமி உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்
பிச்சைமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் துரை காய்ச்சல் என்று படுத்துவிட்டதாகச் சேதி வந்தது. கார் ஷெட்டில் தனியாக இருந்ததால் சந்தனத்தைத் துடைக்கத் துணியோடு போனேன். துடைப்பதற்கு ஒன்றுமில்லை. பதினேழும் பளிச்சென்று இருந்தது, மேலே ஈரம் இறங்காமலிருக்க மெல்லிசாக வாசலின் களிம்பு தடவியிருந்தது. வீட்டுக்கு வந்து, ஷெட்டில் கண்டதைச் சொல்லி அழகுத்தாயைக் கேட்டேன். "அன்னைக்கு அவுகளுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்துனது நான்தானப்பா. தண்ணி சந்தனமா ஓடுச்சு. என்னன்னு கேட்டதுக்கு, அப்பாட்ட சொல்லாத, சங்கடப்படுவாக, துரைட்ட ஈரமுன்னு சொல்லிட்டேன்னாக" என்றாள். மச்சான், அந்த இரண்டு மணி நேரமும் கண்டுபிடிப்பதற்காக ஆனது அல்ல. துரை கண்ணில் படாமல் துடைப்பதற்காக ஆனது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. தபாலாபீஸ் மூடிவிட்டதால் வேறு இன்லண்டு லெட்டர் வாங்கிப் புதிதாக எழுத வழியில்லை. சின்னக்கானலுக்கு எதையும் எழுதி வைக்காதீர்கள், தை மாதத்தில் நாள் பாருங்கள். மேலே அவன் இவன் என்று எழுதிய இடத்திலெல்லாம் மாப்பிள்ளை என்று வாசித்துக்கொள்ளவும்.