டவுனுக்காரி கிடங்கு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஐந்து. ஐந்தையும் ஆளாக்கிய நான் (அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை) ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு ஊரையே வறண்ட கண்மாயைப் பார்த்து நிற்க வைத்தவளும்கூட.

அருப்புக்கோட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்த பெண் நான். பரளச்சிப் பக்கம் வாக்கப்பட்டு வந்து ஒரு வருடம். அது அறுபதுகளின் கடைசி. கண்மாய்க்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மண் மேவிக் கிடந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வெட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்து, கயிறு போட்டுப் பங்கு பிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நானே மம்பட்டி தூக்கினேன்.

பக்கத்துப் பங்கில் என் ஓரகத்தி ராக்கு அக்கா. "தறிக்கு நூல் தார் சுத்துன கையி மம்பட்டியத் தாங்குமாடி, டவுனுக்காரி?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரு முழம் ஆழம் வெட்ட, நான் மூன்று முழம் வெட்டினேன். தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சி மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"மருமகளே, சரிவு கெட்டுப் போகும்த்தா. ரெண்டு முழத்த மண்ணப் போட்டு மேவிரு."

"ஆழமா இருந்தா நெறையத் தண்ணி போகும்ல மாமா?"

"மேவிருத்தா."

"சரி மாமா" என்றேன். மேவவில்லை. ராக்கு அக்கா வேறு எட்டிப் பார்த்து "ஆத்தாடி!" என்று வாயைப் பிளந்திருந்தாளே, அதை எப்படி மண் போட்டு மூடுவது?

ஐப்பசியில் முதல் மழை. விடிந்ததும் வரத்துக்காலின் மேல்கோடியில் நுரை தள்ளித் தண்ணீர் வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். ஊருக்குள் ஓடி, "தண்ணி வருது! வாங்க!" என்று கத்தினேன். கண்மாய் வாயில் ஊரே கூடிவிட்டது. தேங்காய் உடைத்தார்கள். குலவை போட்டுப் போட்டு எங்களுக்கு வாய் வலித்தது. கற்பூரமும் அணைந்தது. கடைசியில் வந்தது ஒரே ஒரு தவளை. (அதுவும் காய்ந்த மண்ணில் தத்தித் தத்தி.)

"தண்ணி எங்கடி?" என்றாள் ராக்கு அக்கா.

கால் வழியே எல்லாரும் மேலே நடந்தோம். வந்த கொஞ்சத் தண்ணீரும் என் பங்கில் குளமாக நின்றது. இரண்டு எருமைகள் சுகமாகப் படுத்திருந்தன.

"மருமகளே, காலு வெட்டச் சொன்னா தனிக் கண்மாயே வெட்டிட்டியே!" என்றார் மாமா. ஊரே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை நம்பித்தானே எல்லாரும் விதை எடுத்து வைத்திருந்தார்கள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலில் இறங்கியது ராக்கு அக்காதான். "அழுதா அந்தத் தண்ணியும் இங்கனதான் வந்து நிக்கும். கூடைய எடுடி."

ஊரே மண் சுமந்து மேவியது. அடுத்த மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறியது. விதைத்தோம்.

ராக்கு அக்கா இன்று இல்லை. நான் வெட்டிய பள்ளம் இருந்த இடத்துக்கு அவள் வைத்த 'டவுனுக்காரி கிடங்கு' என்ற பெயர் இருக்கிறது. பந்தியில் எவனாவது குழம்பு வாளியைத் தன் பக்கமே நிறுத்திக்கொண்டால், "ஏலே, அப்பத்தா பங்குல நின்னு போச்சு, கடைசி இலைக்குத் தள்ளிவிடு" என்கிறார்கள் என் பேரன்கள்.

ஏ செல்வி, நான் சொல்லச் சொல்ல எழுதுனியே, இத முதல்ல இருந்து வாசிச்சுக் காட்டுத்தா, கேப்போம். தவளை வார இடத்துல சிரிச்சுக்க. ராக்கு அக்கா கூடைய எடுக்கச் சொல்ற இடத்த மட்டும் மெதுவா வாசி.