வாகனந்தூக்கி

வாகனந்தூக்கி என்றொரு இனம் நம் பக்கத்தில் புதிதாக முளைத்திருக்கிறது. குத்தாலம் கடைத்தெருவில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வலது தோள் நாலு விரற்கடை இறங்கியிருக்கும், நடை நண்டைப் போல ஒருக்களித்திருக்கும், கையில் கைப்பிடி வைத்த கறுப்புச் சக்கரம் ஒன்று தொங்கும். அதுதான் கரண்டில் ஓடும் ஒற்றைச் சக்கர வண்டி. உட்கார இருக்கை கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இரண்டு பக்கமும் பாதம் வைக்க மடக்குப் பலகை, அவ்வளவுதான். ஏறி நின்றால் நம்மைச் சுமந்துகொண்டு பறக்குமாம். நின்றால்தானே?

அந்தக் காலத்துப் பல்லக்குத் தூக்கிகளுக்காவது உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

மலர்க்கொடியின் கணவர் இளவழகன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். பெங்களூர்க் கம்பெனி வேலையை ஊரிலிருந்தே பார்க்கிறார். வண்டி வந்து எட்டு மாதமாகிறது. இதுவரை அவர் அதில் ஏறியது நான்கு தடவை. இறங்கியது ஒரு தடவை. மற்ற மூன்றும் விழுந்தது. மலர்க்கொடி எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஓட்டாததற்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஆடியில் டிராக்டர் இறைத்துவிட்டுப் போன சேறு. ஐப்பசியில் மழை. மார்கழியில் வாசலுக்கு வாசல் கோலம், அழிக்கலாமா? தையில் சாலை நெடுக நெல் காய்கிறது. "ரோடு மட்டும் சரியா இருக்கட்டும், அப்புறம் பாருங்க" என்பார். அதுவரை வீட்டில் வைத்துவிட்டு வரலாமே? அதெப்படி! வீட்டில் இருந்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? ஆகவே டீக்கடையில் அதற்கென்று ஒரு நாற்காலி. கல்யாணப் பந்தியில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அது. இலையை அவர் எட்டித்தான் தொடவேண்டும். துக்கத்துக்குப் போன வீட்டில் இடது கையால் மாலை போட்டார். செத்தவர் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மயிலாடுதுறை பஸ்ஸின் நடத்துநர் சொன்னார்.

"என்ன சார் இது, கிரைண்டரா?"

"வண்டிங்க. கரண்ட் வண்டி."

"வண்டியா? அப்ப அதுலயே வரவேண்டியதுதானே? பஸ்ஸுக்கு ஏன் சார் கஷ்டம் குடுக்குறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று இந்த இனத்துக்கு ஒருநாளும் தோன்றாது. பொறாமை என்றுதான் தோன்றும்.

தை மாசக் கடைசியில் ஒரு மத்தியானம். மலர்க்கொடியின் ஒரு ஏக்கர் சம்பா நெல் சாலையில் கிடந்தது. மூன்று நாளாகக் காலாலேயே கிளறிக் கிளறி அவள் காயவைத்த நெல். விடிந்தால் கொள்முதல் நிலையத்துக்குப் போகவேண்டும். ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முளைவிட்டால் அப்புறம் மாடுதான் தின்னவேண்டும். அந்த நேரம் பார்த்துக் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. தனியாளாகப் பலகை போட்டுத் தள்ளி நெல்லைக் குவித்து, தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தாள். டீக்கடையிலிருந்து இளவழகன் வந்துகொண்டிருந்தார். நடந்துதான்.

"ஏங்க, ஓடியாங்க! அந்த முனையப் புடிங்க!"

"இரு மலரு, இது நனையக் கூடாது. உள்ள சர்க்யூட் இருக்கு."

"நெல்லு மட்டும் நனையலாமா?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. குவியலின் ஓரத்தில் சக்கரத்தை வைத்து, தார்ப்பாயை இழுத்து அதைப் பத்திரமாக மூடினார். இழுத்த இழுப்பில் மறுபக்கம் இரண்டு முழத்துக்கு நெல் வெளியே தெரிந்தது.

பக்கத்துக் குவியலை மூடிக்கொண்டிருந்த கோவிந்தராசு கத்தினார்: "ஏந் தம்பி, அதென்ன வெத நெல்லா?"

தூறல் விழுந்தது. காற்று கிளம்பியது. மூன்று மூலைக்குக் கல் இருந்தது. நாலாவது மூலை படபடவென்று அடித்துக்கொண்டது. மலர்க்கொடி குனிந்தாள், இரண்டு கையாலும் சக்கரத்தை வெளியே இழுத்தாள், தார்ப்பாயைச் சரியாக்கினாள், அந்த மூலையின்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்தாள். தார்ப்பாய் அடங்கியது.

"மலரு! அது இருவத்தாறு கிலோ... அது எவ்ளோ பெரிய..."

"அதான் வச்சேன். அப்படியே இருக்கட்டும்."

மழை ஒரு மணி நேரம் கொட்டியது. நெல்லுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வெறுங்கையோடு நிற்பது எப்படி என்று தெரியாமல் இளவழகன் கைகளைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"நல்ல வண்டிதான் மலரு, வச்ச எடத்த விட்டு அசையல!" என்றார் கோவிந்தராசு.

மறுநாள் நெல்லை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். மழையில் நனைந்த சக்கரத்தில்தான் அதற்குப் பிறகு விளக்குகூட எரியவில்லை. இளவழகனுக்கு வருத்தமா? ஓட்டாததற்கு இனிக் காரணம் தேடவேண்டாமே! துண்டால் துடைத்துத் தூக்கிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனார். "அன்னிக்கு இது மட்டும் இல்லேன்னா எங்க நெல்லு போயிருக்கும்ங்க" என்று ஆரம்பித்தார்.

சிரித்தாயிற்றா? நல்லது. உங்களிடம் ஒற்றைச் சக்கரம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இந்த இனம் பல உருவத்தில் திரியும். வீட்டுக்குள்ளிருந்து யாரோ மூன்றாவது தடவையாக உங்களைக் கூப்பிடுகிறார்கள். இந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள், பார்க்கலாம்.